பீப்பாய் செய்தவருக்கு எத்தனை பெயர்

ஜெர்மனியில் பீப்பாய் செய்கிறவரை எப்படி அழைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். வடக்கிலும் கிழக்கிலும் அவர் பொட்ஷர். நூரன்பெர்க் வட்டாரத்தில் புட்னர். திராட்சைத் தோட்டங்கள் மண்டிய தென்மேற்கிலும், அல்சாசிலும், சுவிட்சர்லாந்திலும் கூஃபர். மியூனிக்கில் ஷெஃப்லர். கொலோன் பக்கம் ஃபாஸ்பெண்டர். ஆஸ்திரியாவுக்குப் போனால் ஃபாஸ்பிண்டர், அதையும் சுருக்கி வெறும் பிண்டர். ஹெஸ்ஸனில் பெண்டர். கடலோரத்துக் கீழ்ஜெர்மன் பேச்சில் போடெக்கர் அல்லது கூப்பர். எல்லா ஊரிலும் அவர் கையில் இருந்தது அதே வெட்டுக்கத்தியும் சுத்தியலும்தான். உருட்டிவிட்ட பீப்பாய் எந்த ஊர் எல்லையிலும் நிற்கவில்லை. செய்தவரின் பெயர் மட்டும் இருபது காதத்துக்கு ஒருமுறை வேறாகிக்கொண்டே இருந்தது.

இந்தப் பெயர்களில் ஏதோ ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பாதிரியாரின் இறகுப் பேனாவிலிருந்து தேவாலயப் பதிவேட்டில் இறங்கியிருக்கும். விஸ்கான்சினிலோ தெற்கு பிரேசிலிலோ வாழும் கொள்ளுப்பேத்தி இன்று அதைக் கணினித் திரையில் பார்க்கிறார். பழைய தொழில்பெயர் அகராதியைத் திறக்கிறார். ‘பீப்பாய் செய்பவர்’ என்று பொருள் கிடைக்கிறது. வம்சாவளிப் படத்தில் அதை எழுதிவிட்டு அடுத்த பாட்டனைத் தேடப் போய்விடுகிறார். அந்த இடத்தில் அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். பாட்டன் என்ன வேலை செய்தார் என்பது அந்தச் சொல்லிலிருந்து கிடைக்கும் சேதிகளில் ஆகச் சின்னது. பதிவு எந்த வட்டாரத்தது, எழுதியவர் எந்தப் பேச்சுக்காரர், பாட்டனுக்கு ஊரில் என்ன மரியாதை என்பதெல்லாமும் அதற்குள்தான் இருக்கிறது.

சொல் கிளம்பிய இடத்திலிருந்து பார்ப்போம். ரோமானியர்கள் திராட்சை மதுவை மண்ஜாடிகளில் ஊற்றி ஏற்றுமதி செய்தவர்கள். மரப் பீப்பாய் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்தாரின், ‘கால்’ என்ற பழைய பிரான்ஸ் நிலத்துக் கெல்டிக் மக்களின் கைவேலை. ஆல்ப்ஸ் அருகே உள்ளவர்கள் மதுவை வளையமிட்ட மரக்கலங்களில் வைக்கிறார்கள் என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ரோமானியர்கள் பொருளை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு அதற்குத் தங்கள் சொல்லைப் போட்டார்கள்: கூபா. ரைன் நதிக்கரையில் ரோமானியர் திராட்சை நட்ட நிலங்களில் அந்தச் சொல்லும் வேர்பிடித்தது. அதிலிருந்து வந்தவர்தான் கூஃபர். வடக்கே அது கூப்பராகி, கடல் தாண்டி ஆங்கிலேயரிடமும் கூப்பராகவே போய்ச் சேர்ந்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே நிற்பது ஒரு வசதி. புட்னர், பொட்ஷர் இரண்டின் அடியில் இருப்பவையும் தொட்டி, குடுவை, கிடங்கு என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த சொற்கள். ஷெஃப்லரில் மட்டும் லத்தீன் வாடை கிடையாது; ‘ஷாஃப்’ என்றால் தண்ணீர் மொள்ளும் திறந்த மரத்தொட்டி. மொழியறிஞர்கள் வரைபடம் போட்டுப் பார்த்தபோது திராட்சை விளைந்த நிலம் ஒரு பக்கமும் பீர் காய்ச்சிய நிலம் ஒரு பக்கமுமாக இந்தப் பெயர்கள் பெரும்பாலும் பிரிந்து நின்றன. பீப்பாய் என்ற நம் சொல்லே போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கியதுதான் என்பதால் இதையெல்லாம் வேடிக்கை பார்க்கும் தகுதி நமக்கு உண்டு.

பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் இத்தனை பெயர் ஏன் என்று இன்னும் கொஞ்சம் புரியும். ஓக் மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் நார் போகும் வாக்கில் பிளப்பார்கள். அறுத்த பலகையில் மது கசிந்துவிடும். பிளந்த பலகைகள் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் அடுக்கிக் கிடக்கும். பிறகு தொழிலாளி ஒரு மரக்குதிரை மேல் உட்கார்ந்து, காலால் பலகையை இடுக்கி, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் தன் மார்பை நோக்கி இழுத்துச் சீவுவார். நடுவில் அகலம், இரு முனையிலும் ஒடுக்கம். சீவிய பலகைகளை ஒரு வளையத்துக்குள் வட்டமாக நிறுத்தி, நடுவே நெருப்பு மூட்டி, வெளிப்புறம் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தால் மரம் இளகும். விரிந்து நிற்கும் அடிப்பக்கத்தைக் கயிறு போட்டு இறுக்கி ஒன்றுசேர்ப்பார்கள். வளையத்தைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குவார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது. பலகை இடுக்கில் ஒரு கோரைத்தாளை வைத்தால் போதும், உள்ளே ஊற்றிய திரவமே மரத்தை ஊறவைத்து இடைவெளியை அடைத்துவிடும். பழைய வளையங்கள் இரும்பும் அல்ல. வில்லோ, ஹேசல் மிலாறுகளை வளைத்துக் கட்டியவை. வேலையின் அந்தக் கட்டத்தைப் பார்த்தவர்கள் தொழிலாளியைக் ‘கட்டுகிறவர்’ என்றார்கள், அவர் பிண்டர் ஆனார். பொருளைப் பார்த்தவர்கள் ‘தொட்டிக்காரர்’ என்றார்கள், அவர் புட்னர் ஆனார்.

நூரன்பெர்க்கில் வயதான கைவினைஞர்கள் பன்னிரண்டு பேரைத் தங்கவைத்துச் சோறு போட மெண்டல் என்ற வணிகக் குடும்பம் 1388இல் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. அங்கே வந்து சேர்ந்த ஒவ்வொருவரையும் அவரவர் தொழிலைச் செய்யும் கோலத்தில் வரைந்து வைத்தார்கள். அந்தப் படப்புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. குடும்ப வரலாற்றுக்காரர்களுக்கு அவை பொக்கிஷம். பழைய தொழில் ஒன்றின் பெயரைப் படித்துவிட்டு ஆள் எப்படி உட்கார்ந்தார், கையில் எதைப் பிடித்தார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் குறைவு. 1568இல் பிராங்பர்ட்டில் வெளியான, யோஸ்ட் அம்மான் மரச்செதுக்குப் படங்கள் வரைந்த தொழில்களின் புத்தகத்திலும் நம்மவர் இருக்கிறார். ஹான்ஸ் சாக்ஸ் அதற்குச் செய்யுள் எழுதினார். அவர் நூரன்பெர்க் செருப்புத் தொழிலாளி. ஆகவே புத்தகம் பிராங்பர்ட்டில் அச்சானாலும் பீப்பாய்க்காரர் அதில் புட்னர்தான். எழுதியவரின் ஊர் எழுத்தில் ஒட்டிக்கொள்வதற்கு இது நல்ல சாட்சி. பதிவேட்டுக்கும் இது பொருந்தும். தெற்கிலிருந்து வடக்கே மாற்றலாகி வந்த பாதிரியார் முதல் சில ஆண்டுகள் தன் ஊர்ச் சொல்லையே எழுதிக்கொண்டிருந்தால் ஆச்சரியமில்லை. ஒரே குடும்பத்தின் மூத்த பிள்ளை ஞானஸ்நானத்தில் தகப்பன் கூஃபராகவும், அடுத்த பாதிரியார் வந்தபின் பிறந்த பிள்ளைக்கு பொட்ஷராகவும் இருப்பார். தகப்பன் தொழில் மாற்றவில்லை. கையெழுத்து மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தில் 1563இல் விதித்தது. லூத்தரின் வழி வந்தவர்கள் பல இடங்களில் அதற்கும் முன்பே தொடங்கியிருந்தார்கள். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அந்த ஏடுகளில் எத்தனையோவற்றைச் சாம்பலாக்கியது. ஆகவே பெரும்பாலான தேடல்கள் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் சுவரில் முட்டி நின்றுவிடும். அதற்கு இந்தப் பக்கம் கிடைக்கும் ஒரு வழக்கமான வரியைப் பார்ப்போம்: ‘புர்கர் உண்ட் பொட்ஷர்மைஸ்டர்’.

மூன்று சொல்தான். முதல் சொல்லான புர்கரை இன்றைய ஜெர்மனில் படித்தால் குடிமகன். அன்று அது அத்தனை சாதாரணமில்லை. நகரத்தின் குடியுரிமையைக் கட்டணம் கட்டி, சத்தியம் செய்து வாங்கியவர் மட்டுமே புர்கர். ஊரில் வசித்தவர்களில் பலருக்கு அது கிடையாது. வாங்கியவர்களின் பெயர் நகரத்தின் தனி ஏட்டில் ஏறும். பல நகர ஏடுகளில் தொழிலும் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் இருக்கும். தேவாலய ஏட்டில் புர்கர் என்று கண்டால் அடுத்து போக வேண்டியது நகர ஆவணக்காப்பகம். கடைசிச் சொல்லின் பின்பாதி மைஸ்டர், அதாவது மாஸ்டர். அந்தப் பட்டத்தைக் கொடுத்த கைவினைச் சங்கம் அன்று சில்லறை விஷயமில்லை. முதலில் சிறுவனாகச் சேர்ந்து கற்க வேண்டும். பிறகு கெசெல்லே என்ற நிலையில் மாஸ்டர் வீட்டிலேயே தங்கிக் கூலிக்கு வேலை. பிறகு ஊர் சுற்ற வேண்டும். திரும்பிவந்து, பரீட்சைப் பொருளாக ஒரு பீப்பாய் செய்து காட்டி, கட்டணம் கட்டினால் மைஸ்டர். அதுவும் இடம் காலியிருந்தால்தான். ஊரில் இத்தனை பட்டறைக்கு மேல் கூடாது என்று சங்கம் எண்ணி வைத்திருக்கும். பெரும்பாலான சங்கங்களில் கெசெல்லே திருமணம் செய்யக் கூடாது.

இந்த விதி தெரிந்தால் சில புதிர்கள் தானே அவிழும். இருபத்தாறு வயது இளைஞர் நாற்பத்தைந்து வயது விதவையை மணந்திருப்பார். பதிவேட்டைப் பார்க்கும் பேத்தி காதல் கதையோ சொத்துத் தகராறோ என்று யோசிப்பார். மாஸ்டர் இறந்தால் அவர் மனைவி பட்டறையைச் சில காலம் நடத்தலாம். அவரை மணக்கும் கெசெல்லேவுக்கு அந்தப் பட்டறையின் இடம் கிடைக்கும். ஆளும் பேரும் வேறானாலும் பட்டறை அதே. சில ஆண்டுகளில் அந்த மனைவியும் இறந்து, கணவர் இன்னொரு இளம்பெண்ணை மணந்து, அவரும் போனபின் அந்தப் பெண் வேறொரு கெசெல்லேவை மணப்பார். இப்படி இரத்த உறவே இல்லாத நான்கு குடும்பங்கள் ஒரே கதவு வழியாகப் போய்வந்திருக்கும். பட்டறையின் வரலாற்றையும் வம்சத்தின் வரலாற்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் வேறொருவர் பாட்டனைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள்.

ஊர் சுற்றல் இன்னொரு சிக்கல். கெசெல்லே சொந்த ஊரை விட்டு ஆண்டுக்கணக்கில் நடந்து, ஊருக்கு ஊர் மாஸ்டர்களிடம் வேலை செய்தார். வேலை முடிந்தால் அங்குள்ள சங்கம் சான்று எழுதித் தரும். 1731இல் ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய பேரரசு கொண்டுவந்த கைவினைச் சங்கச் சட்டம் அந்தச் சான்றின் வாசகத்தையே ஒரே மாதிரியாக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சான்றுகளில் மேலே நகரத்தின் காட்சி அழகாகச் செதுக்கி அச்சிடப்பட்டிருக்கும். கீழே ஆளின் உயரம், முடியின் நிறம். புகைப்படம் இல்லாத காலத்துப் பாட்டன் தலைமயிர் பழுப்பா கறுப்பா என்று சொல்லும் ஒரே காகிதம் சில வீடுகளில் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் இடத்தைக் காவல்துறை முத்திரை குத்திய பயணப் புத்தகம் பிடித்தது. இப்படி ஊர் சுற்றியதால் பொட்ஷராகப் பிறந்தவர் கூஃபர் நாட்டில் திருமணம் செய்து குடியேறியிருக்கலாம். ஆனால் அவர் குடும்பப்பெயரில் ஊரின் வாசனை போகாது. ஸ்டுட்கார்ட் பக்கத்துக் கிராமத்தில் பொட்ஷர் என்ற குடும்பப்பெயர் தனியாக ஒன்று நின்றால், அது அந்த மண்ணில் முளைத்ததல்ல, வடக்கிலிருந்து நடந்து வந்தது என்று சந்தேகிக்க நியாயம் உண்டு.

அகராதியை நம்பி மோசம்போகும் இடங்களும் இருக்கின்றன. மென்மையான ஊசியிலை மரத்தில் வாளியும் தொட்டியும் செய்தவர் வைஸ்பிண்டர், அதாவது வெள்ளைக் கட்டுக்காரர். ஓக் மரத்தில் பெரிய பீப்பாய் செய்தவர் கறுப்புக் கட்டுக்காரர். இது ஒரு வட்டாரத்து வழக்கு. ஹெஸ்ஸனுக்குப் போய் வைஸ்பிண்டர் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பவரைக் கூப்பிட்டுவருவார்கள். எழுத்து ஒன்று, ஆள் வேறு. ரைஃப்ஷ்னைடர் என்று ஒரு பெயர் உண்டு. ஷ்னைடர் என்றால் தையற்காரர் என்று ஜெர்மன் முதல் பாடத்தில் படித்தவர் ஏதோ தையல் என்று நினைப்பார். பீப்பாய் வளையத்துக்கு மிலாறு வெட்டிச் சீவிக் கொடுத்தவர் அவர். பவேரியா, ஸ்வாபியா ஏடுகளில் ‘சோல்ட்னர் உண்ட் கூஃபர்’ என்று ஒருவர் வருவார். இன்றைய அகராதியில் சோல்ட்னர் என்றால் கூலிப்படைச் சிப்பாய். பாட்டன் போர் செய்துவிட்டுப் பீப்பாயும் செய்தார் என்று கதை கட்டிவிடலாம். அங்கே சோல்ட்னர் என்றால் சின்ன வீடும் கொஞ்சம் தோட்டமும் மட்டும் உள்ள சிறு குடியானவர். நிலம் சோறு போடாததால்தான் கூஃபர் வேலையும் செய்தார். இரண்டு சொல்லையும் சேர்த்துப் படித்தால் அந்த வீட்டின் அடுப்பில் என்ன வெந்திருக்கும் என்றே ஊகிக்கலாம்.

பழைய ஜெர்மன் கையெழுத்தில் எழுத்துகள் கூரான கோடுகளாக ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். e-யும் n-உம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கடைசி எழுத்துகளில் கண் தவறினால் புட்னர் புட்டல் ஆகிவிடுவார். புட்டல் என்றால் நீதிமன்றச் சேவகர், குற்றவாளியைப் பிடித்து இழுத்து வருபவர். அதனால் என்ன என்று கேட்கலாம். கைவினைச் சங்கங்களின் கண்ணில் சேவகர், தூக்குப்போடுபவர், செத்த மாட்டின் தோல் உரிப்பவர் ஆகியோர் ‘கௌரவமற்றவர்கள்’. பல ஊர்களில் துணி நெய்பவர், ஆடு மேய்ப்பவர், மாவரைப்பவர், குளியல்கூடம் நடத்துபவர் வரை இந்தப் பட்டியல் நீண்டது. அவர்கள் பிள்ளைகள் பீப்பாய் வேலை கற்க வரக் கூடாது. சேரும் பையன் முறையான திருமணத்தில், கௌரவமான வீட்டில் பிறந்தவன் என்று பிறப்புச் சான்று கொண்டுவர வேண்டும். பேரரசு 1548இலும் 1577இலும் 1731இலும் இந்தத் தீட்டைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. ஒரே விஷயத்துக்கு மறுபடி மறுபடி சட்டம் போட வேண்டியிருந்ததே, முந்தையது எவ்வளவு வேலை செய்தது என்பதைக் காட்டிவிடும். தகப்பன் தொழிலைக் கேட்டுக் கதவைச் சாத்தும் வழக்கம் தமிழ் வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றல்ல.

பெண்கள் பக்கம் ஏடு வாயைத் திறப்பதே குறைவு. ‘பொட்ஷரின்’ என்று ஒரு பெண்ணுக்கு எழுதியிருந்தால், அவர் பீப்பாய் செய்தார் என்று பொருளாகிவிடாது. அவர் பீப்பாய்க்காரரின் மனைவியாக இருக்கலாம். பொட்ஷர் என்ற குடும்பப்பெயருக்குப் பெண்பால் விகுதி சேர்த்திருக்கலாம். அந்தக் காலத்தில் குடும்பப்பெயருக்கும் அப்படிச் சேர்ப்பார்கள். மூன்றில் எது என்பதை அந்த ஒரு வரி சொல்லாது. அவர் தகப்பனின் இறப்புப் பதிவுவரை போய்த்தான் தீர வேண்டும்.

கத்தோலிக்கப் பாதிரியார்கள் லத்தீனில் எழுதியதால் நம்மவருக்கு இன்னும் இரண்டு பெயர் கூடியது: டோலியாரியுஸ், வியேடோர். லத்தீன் ஏட்டில் ஒரு நன்மை, வட்டாரக் குழப்பம் குறைவு. அதுவே நஷ்டமும், ஊரின் தடயம் அழிந்துபோகிறது. படித்த குடும்பங்கள் வேறொரு காரணத்துக்காகத் தாங்களே லத்தீனுக்கு மாறின. பட்டறை வாடை போக வேண்டும். கவிஞர் கதேயின் தாய்வழிக் குடும்பத்தின் பெயர் டெக்ஸ்டர். முன்னோர் ஒருவர் நெசவாளர் என்று பொருள்படும் வேபரை லத்தீனாக்கியதால் வந்தது. சுரங்கவியல் நூல் எழுதிய அக்ரிகோலா பிறந்தபோது பவர், அதாவது குடியானவர். பீப்பாய்க்காரர்களிலும் சிலர் ஃபியேட்டர் ஆனார்கள். ஒலியியல் அறிஞர் வில்ஹெல்ம் ஃபியேட்டரின் பெயர் அந்த வகைதான்.

பெயர் வேலையிலிருந்து கழன்று கொண்டது இதற்கெல்லாம் முன்பே. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டுவரை ஜெர்மன் நகரங்களில் குடும்பப்பெயர்கள் உறைந்தன. அன்று பீப்பாய் செய்துகொண்டிருந்தவரின் சந்ததி எந்த வேலைக்குப் போனாலும் பீப்பாய்க்காரராகவே அழைக்கப்பட்டது. மைசன் பீங்கான் பிறக்கக் காரணமான யோஹான் ஃப்ரீட்ரிஷ் பொட்கர் பெயரளவில் பீப்பாய்க்காரர். திரைப்பட இயக்குநர் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டரும் அப்படியே. எல்லாரிலும் தூரம் போனவர் எஸ்ஸன் நகரத்துப் புத்தக வியாபாரியின் மகன், 1801இல் பிறந்த கார்ல் பெடெக்கர். போடெக்கர் என்ற கீழ்ஜெர்மன் சொல்லின் ஒரு உருவம்தான் பெடெக்கர். அவர் 1827இல் கோப்லென்ஸில் பதிப்பகம் தொடங்கி, ரைன் நதிப் பயணத்துக்குக் கையேடு போட்டார். எந்த விடுதியில் தங்கலாம், வண்டிக்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எந்தக் கட்டடத்துக்கு நட்சத்திரம் என்று கறாராகச் சொன்ன அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகங்களால், ஐரோப்பாவில் பயணக் கையேட்டுக்கே பெடெக்கர் என்று பெயராயிற்று. 1914இல் இந்தியாவுக்கான பெடெக்கர் ஜெர்மன் மொழியில் வந்தது. இலங்கையும் பர்மாவும் ஜாவாவும் அதில் அடக்கம். பீப்பாய்க்காரரின் பெயர் கொழும்புக்கும் சென்னைக்கும் வழி சொல்லத் தயாராக நின்ற அதே ஆண்டில் போர் மூண்டது. ஜெர்மன் பயணிகள் வரவில்லை. அடுத்த போரில் பெயருக்கு வேறு வேலை. 1942இல் ஜெர்மன் விமானங்கள் எக்ஸிட்டர், பாத், நார்விச், யார்க், கேன்டர்பரி நகரங்களைக் குண்டுவீசித் தாக்கின. பெடெக்கரில் நட்சத்திரம் வாங்கிய கட்டடங்களையெல்லாம் குறிவைப்போம் என்று ஜெர்மன் வெளியுறவு அதிகாரி ஒருவர் பேசியதாகப் பரவியதால் அவற்றுக்குப் பெடெக்கர் தாக்குதல்கள் என்றே பெயர். 1943 டிசம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் லைப்சிக்கைத் தாக்கியபோது, அதற்குள் அந்த ஊருக்கு மாறியிருந்த பெடெக்கர் பதிப்பகமும் எரிந்தது.

பெயர் வேலையை விட்டுப் போனது ஒரு பக்கம். வேலையே பெயருக்கடியில் மாறியதும் நடந்தது. பிரேமன் துறைமுகம் அதற்குச் சரியான இடம். அங்கே சந்தைச் சதுக்கத்திலிருந்து வேசர் ஆற்றுக்கு இறங்கும் சந்து பொட்ஷர்ஸ்ட்ராஸெ, பீப்பாய்க்காரர் தெரு. துறைமுகம் இடம்பெயர்ந்ததும் தெரு நொடித்தது. காஃபீன் நீக்கிய காபியை விற்றுப் பணக்காரரான லுட்விக் ரோசேலியுஸ் வீடுகளை வாங்கி, 1922 முதல் 1931 வரை செங்கல்லில் அலங்காரமாகக் கட்டியெழுப்பினார். இப்போது சுற்றுலாப் பயணிகளின் தெரு. அதே ஊரில் கூப்பர் என்ற சொல் கிடங்குப் பக்கம் நகர்ந்துவிட்டது. கப்பலில் வந்த பீப்பாய்களைச் சோதித்து, ஒழுகுவதைச் சரிசெய்து, உள்ளே உள்ள சரக்கின் மாதிரி எடுத்தவர் கூப்பர். பீப்பாய் போய் மூட்டை வந்தது. அவர் மாதிரி எடுப்பதை விடவில்லை. கடைசியில் பருத்திப் பொதியைக் கிழித்துப் பஞ்சின் தரம் பார்ப்பவரும் பிரேமனில் கூப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரேமன் ஆவணத்தில் கூப்பர் என்று இருப்பதைப் பார்த்து, அதே ஆண்டு ஸ்டுட்கார்ட் கூஃபருக்குக் கொடுக்கும் பொருளைக் கொடுத்தால் வரலாறே தடம்புரளும். தென்மேற்கிலோ கூஃபர் செய்யும் பீப்பாயைவிட அதனுள் இருக்கும் மதுவுக்கு நெருங்கிப்போய், பாதாள அறைப் பொறுப்பாளரானார்.

இதற்கிடையில் சங்கத்தின் கெடுபிடி தளர்ந்தது. பிரஷ்யா 1810இல் தொழில் சுதந்திரம் தந்தது. 1869இல் அது வட ஜெர்மன் கூட்டமைப்பு முழுவதற்கும் வந்தது. அதன்பின் ஒருவர் தன்னை மைஸ்டர் என்று எழுதிக்கொண்டால் அதற்குப் பின்னால் பரீட்சைப் பீப்பாய் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 1876 ஜனவரி முதல் ஜெர்மனி முழுவதும் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசே பதியத் தொடங்கியது. தொழில் ஒரு வழக்கமான விவரமாயிற்று. அந்தப் படிவங்களில் சொற்கள் சுத்தமாகிவிட்டன. வட்டார வாசனை குறைந்தது. எனக்கென்னவோ பழைய பாதிரியார்களின் குழப்பமே மேல்.

பயணம் போனவர்களோடு பெயரும் கப்பலேறியது. ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை கிடைக்கின்றன. ஊரும் தொழிலும் எழுதியிருக்கும். பிரேமன் வழி போனவர்களின் வாரிசுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அலுவலகத்தில் இடமில்லை என்று 1875 முதல் பழைய பட்டியல்களை அழித்தே வந்தார்கள். மிஞ்சியதில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் போயிற்று. அக்கரையில் கூஃபரின் வாய்மொழி உருவமான கீஃபர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டது. இன்றைய ஜெர்மன் அகராதியில் கீஃபர் என்றால் பைன் மரம், இல்லாவிட்டால் தாடை. பேரன்கள் பைன் மரத்தைக் குலச்சின்னமாக வரைந்துகொண்டால் யாரைக் குறைசொல்வது? துரிங்கியாவின் கொல்லெடாவில் பிறந்து 1869இல் அமெரிக்கா போன சார்ல்ஸ் பொட்ஷர் பெயரை விடவில்லை. இரும்புச் சாமான் கடையில் தொடங்கி, சர்க்கரை, சிமென்ட் என்று வளர்ந்தார். டென்வரின் இசையரங்கம் ஒன்றுக்குப் பீப்பாய்க்காரரின் பெயர்தான்.

ஊரிலேயே தங்கிய ஏடுகளுக்கு 1933இல் கெட்ட காலம் வந்தது. அரசு வேலைக்கும் பிறகு இன்னும் பலவற்றுக்கும் ‘ஆரிய’ வம்சம் என்று நிரூபிக்க வேண்டும் என்றது நாஜி ஆட்சி. தேவாலய அலுவலகங்களின் வாசலில் கூட்டம். தாத்தா பாட்டிகளின் ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்தெழுதி முத்திரை குத்துவதே அங்கே முழுநேர வேலையாயிற்று. எந்தப் பெயர் வரிசையில் யூதர் இருக்கிறார் என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். இன்று பல ஜெர்மன் வீடுகளில் கிடக்கும் முதல் வம்சாவளிக் காகிதம் அந்த நாளைய முன்னோர் கடவுச்சீட்டுதான். அதில் உள்ள தொழில்பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவசரத்தில் பிரதி எடுத்தவை, மூல ஏட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். மூல ஏடு இப்போது பெரும்பாலும் வேறொரு சமயத்தார் தயவில் கையில் கிடைக்கிறது. மார்மன் சபையின் வம்சாவளிச் சங்கம் 1938இல் நுண்படம் எடுக்கத் தொடங்கி, போருக்குப் பின் ஜெர்மன் ஏடுகளையும் படமெடுத்து, யூட்டாவில் கருங்கல் மலையைக் குடைந்த கிடங்கில் சேர்த்தது. அங்கிருந்த சுமார் 24 லட்சம் சுருள்களையும் கணினிக்கு மாற்றி முடித்தது 2021இல்.

தொழில் என்னவாயிற்று? எஃகு உருளையும் கண்ணாடிப் புட்டியும் வந்தபின் பட்டறைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. மியூனிக்கில் இன்றும் ஏழாண்டுக்கு ஒருமுறை ஷெஃப்லர் நடனம் நடக்கிறது. 2012, 2019, 2026. சிவப்புச் சட்டையும் பச்சைத் தொப்பியுமாக, இலைகட்டிய வளைவுகளைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். ஒருவர் பீப்பாய் வளையத்தின் உட்புறத்தில் நிரம்பிய கோப்பையை வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் தலைக்குமேல் சுழற்றுவார். 1517இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி வீட்டில் முடங்கிய மக்களைத் தெருவுக்கு அழைக்கத் தொடங்கிய ஆட்டம் என்பது ஐதீகம். எழுத்தில் கிடைக்கும் முதல் சான்று 1702தான். இப்போது ஆடுகிறவர்களில் உண்மையான ஷெஃப்லர்கள் சொற்பம். அந்தப் பெயரை உலகம் இன்று அறிவது பவேரியாவின் ஹெர்ட்சோகனவுராக்கில் உள்ள பேரிங் நிறுவனத்தால். அதன் நிறுவனர்களான சகோதரர்களின் குடும்பப்பெயர் ஷெஃப்லர். அந்த நிறுவனத்துக்கு ஓசூரிலும் ஆலை இருக்கிறது. அங்கே வண்டிகளுக்குக் கிளட்ச் தயாராகிறது.